முன்கோபியும் சாதுவும்

முன்கோபியையும் சாதுவையும் ரப்பர் விரிப்பின் மேல் அருகருகே வைத்தேன்.

இரண்டும் கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸர்கள், பழையவை. வந்த காலத்திலேயே விலை மலிவு, இப்போது இன்னும் மலிவு. அவற்றின் நிஜப் பெயர்கள் எண்ணும் எழுத்துமாக நீளும், யார் வாயிலும் நுழையாது. அதனால் என் கடையில் நான் வைத்த பெயர்தான்.

முன்கோபிக்கு நாலு கோர். வேகம் பிரமாதம். ஆனால் சட்டென்று சூடேறிவிடும், கரண்டை மடமடவென்று குடிக்கும். சாதுவுக்கு இரண்டே கோர். சூடாகாது, சத்தம் போடாது, அவசரமும் படாது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தூக்கி வந்த கம்ப்யூட்டர் பெட்டி மேசையில் வயிறு திறந்து கிடந்தது. அதற்குள் இருந்த பிராசஸர் இந்த இரண்டுக்கும் கொள்ளுத் தாத்தா. இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை அவருக்கு. வாடிக்கையாளர்கள் புகாரைத் தட்டி அனுப்புவார்கள், இவர் பதில் தட்ட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு. புது மென்பொருள் வந்ததிலிருந்து திரை அடிக்கடி உறைந்துபோகிறது. எதிர்முனையில் இருப்பவர் காத்திருந்து, கடுப்பாகி, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போய்விடுகிறார். அலுவலகம் எச்சரித்துவிட்டது. இனி ஒரு தடவை நடந்தால் வேலை போய்விடும்.

இது போதாதா எனக்கு? ஒப்பிட்டுச் சொல்வதென்றால் எனக்குச் சர்க்கரைப் பாகு.

இரண்டையும் என் சோதனை போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டினேன். முன்கோபி திரையில் மூன்று அரட்டை ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. சாது இரண்டு வரை சமாளித்தது, மூன்றாவதில் திணறியது. விலையில் இரண்டு பேர் டீ குடிக்கிற காசுதான் வித்தியாசம். கொடுக்கிற காசுக்கு முன்கோபியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முடித்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எது எவ்வளவு கரண்ட் எடுக்கும்?

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், இந்தம்மா மின்கட்டணத்தில் வந்து நிற்கிறார். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

மின்கட்டணம் இல்லையாம், இன்வெர்ட்டராம். மத்தியானமானால் அவர்கள் தெருவில் கரண்ட் போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். அதுவரை கம்ப்யூட்டர் அணையக் கூடாது. அணைந்தால் ஆள் இல்லை என்று அலுவலகத்தில் பதிவாகிவிடும். இப்போது இருக்கிற பேட்டரி அந்த இரண்டு மணி நேரத்தை எப்படியோ இழுத்துப் பிடித்து ஓட்டுகிறது.

இன்வெர்ட்டரில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேட்டேன். மற்றதெல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது வாட் என்று தயங்காமல் சொன்னார். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாட் என்றால் என்னவென்றே தெரியாது. கை தேர்ந்த கஞ்சம்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டேன். சாதுவை மாட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். முன்கோபியை மாட்டினால் கால் மணி நேரம் குறையும்.

அவர் முகம் செத்துவிட்டது.

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்தார். விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டதோ என்னவோ, பேச்சு எனக்கும் கேட்டது. நான் சொன்ன அத்தனையையும் ஒரு வார்த்தை பிசகாமல் அவர் கணவரிடம் ஒப்பித்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுமுனையில் கணவர் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"வேகமானதையே... வாங்கிட்டு வாம்மா. கால் மணி நேரம்தானே... நான் சமாளிச்சுக்கறேன்."

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இப்படி ஒரு வார்த்தையில் முடிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கரண்டைத் தின்கிற ஆசாமி இவன்தான்! உற்சாகத்தில் மேசையைத் தட்டினேன்.

"மேடம், வழி இருக்கு! கரண்ட் போனதும் அந்த மீன் தொட்டியக் கழட்டி விட்டுடுங்க. கொஞ்ச நேரத்துல மீன் ஒண்ணும் செத்துப் போயிடாது."

அவர் அவசரமாகப் போனை மார்போடு அழுத்தி மூடிக்கொண்டார்.

"அது மீன் தொட்டி இல்லைங்க. ஆக்சிஜன் மெஷின். அவருக்கு அது இல்லாம மூச்சு வராது."

வாயைக் கழுவினாலும் போகாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். என்னையறியாமல் சாதுவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். காசு வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

அவர் அதை ஒரு விரலால் என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"வேகமானதையே மாட்டுங்க. கடைசில மெஷின நிறுத்திட்டு கம்ப்யூட்டர மட்டும் ஓட்டிக்கலாம்னுதான் அவர் சொல்றாரு. அந்த மெஷின் வாடகைக்கு எடுத்தது. எனக்கு வேலை போயிட்டா, மறுநாளே வந்து கழட்டிட்டுப் போயிடுவாங்க."