பேரனுக்குக் கடைந்த வளையம்

அங்கே இருந்தவர்கள் நான், என் மனைவி புட்டதாயம்மா, மருமகள் ரத்னமாலா, அவள் மடியில் ஆறு மாதப் பேரன் தேஜஸ். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் எங்கள் பொம்மைப் பட்டறைக்குள் காலை வெயில் அரக்குப் பொம்மைகளின் மேல் வழுக்குகிறது. எங்கள் குடும்பத்துக்கே பெயர் வாங்கித்தந்த குதிரை வண்டியைப் பேரனுக்காகக் கடைந்து வைத்திருக்கிறேன். ரத்னமாலா அதன் சக்கரத்தை இழுக்கிறாள். கையோடு வந்துவிடுகிறது. ஏற்றுமதிப் பொம்மைகளைச் சோதிக்கும் சிறு குழாயில் அதைப் போடுகிறாள். சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது.

"தொண்டைக்குள்ளயும் இப்படித்தான் போகும் மாமா. மூணு வயசு ஆகட்டும்."

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் சோதிச்சு அனுப்புற மனுஷன்," என்று மனைவி குத்துகிறாள், "சொந்தப் பேரன்னா கண்ணை மூடிக்கிட்டாரு!"

 வெட்பாலைக் கட்டையைக் கடைசல் பொறியில் ஏற்றி, மூட்டே இல்லாத ஒரு வளையம் கடைகிறேன். சுழலும் மரத்தில் மஞ்சள் அரக்கு உருகிப் படர்கிறது. தாழை ஓலையால் தேய்க்க ஒளி ஏறுகிறது. ஆறியதும் குழாயின் வாயில் வைக்கிறேன். இறங்க மறுக்கிறது. தேஜஸ் இரு கைகளாலும் பற்றி அதை வாய்க்குக் கொண்டுபோகிறான். எச்சிலில் நனைந்த வளையத்துக்குள் சூரியன் நிற்கிறது. மூவரும் மூச்சுவிட மறந்து பார்க்கிறோம்.

மருமகள் வண்டியை அடுப்பில் போட்டாள் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். போடவில்லை. அதை எடுத்து மேல்தட்டில் வைத்தவன் நான்.