இரண்டு திரை, ஒரு ரத்த வங்கி

மலாவி ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி. ரத்த இருப்பைப் பதியப் புதிதாக நிறுவிய தரவுத்தளத்தில், தனக்கும் உதவியாளன் டெம்வாவுக்கும் ஆளுக்கொரு கணக்கு திறந்திருக்கிறாள் பொறுப்பாளர் சாவேசி. ஜன்னல் வெயிலில் இரண்டு கணினித் திரைகளும் வெளுத்துக் கிடக்கின்றன. அவள் கணக்கில், யாருக்கும் ஏற்றக்கூடிய ‘ஓ நெகட்டிவ்’ ரத்தம் மூன்று பை. டெம்வாவின் கணக்கில் ஒன்றுமே இல்லை. வாசலில் பிரசவ வார்டு நர்ஸ் மூச்சிரைக்க நிற்கிறாள். “இருக்கா இல்லியாக்கா? அங்க ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!” “ஒண்ணு இருக்குங்குது, ஒண்ணு இல்லேங்குது. எனக்கே தலை சுத்துதுடி,” என்கிறாள் சாவேசி. “உங்களோடது சும்மா பழகிப் பாக்கறதுக்கான பயிற்சிப் பக்கமோ என்னவோ,” என்கிறான் டெம்வா. “அப்ப நான் காலைலேருந்து பதிஞ்சதெல்லாம் எங்க போச்சு?” சாவேசி எழுந்து குளிர்பெட்டியைத் திறக்கிறாள். குளிர் முகத்தில் அடிக்கிறது. தட்டில் இரண்டு பைகள். விரல் வைத்து மறுபடி எண்ணுகிறாள்; இரண்டேதான். ஒட்டியிருக்கும் சீட்டுகளில் ‘ஓ நெகட்டிவ்’ என்றிருப்பதைப் படித்துப் பார்த்து, இரண்டையும் நர்ஸ் கையில் வைக்கிறாள். நர்ஸ் ஓடுகிறாள். “அக்கா, இதை எந்தக் கணக்குல கழிக்க?” என்கிறான் டெம்வா. சாவேசி குளிர்பெட்டியைச் சாத்திவிட்டு, பழைய பதிவு நோட்டை எடுத்து, ‘ஓ நெகட்டிவ், இரண்டு பை, பிரசவ வார்டு’ என்று பேனாவால் எழுதுகிறாள்.