சேரின் சூடு

பட்டுக்கூடுகளைச் சலவைச் சோடாவில் அவித்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, மூன்று வருடம் மினக்கெட்டு நிரோஜினி செய்த ஒட்டு அது. நெற்றியில் ஒட்டினால் உடற்சூட்டுக்கேற்ப நிறம் மாறும். கைபேசி அந்த நிறத்தை எண்ணாகச் சொல்லும். எல்லாரும் 'சேர்' என்று அழைக்கும் பேராசிரியர் கையெழுத்து வைத்தால்தான் அவளுக்குப் பட்டம். அவரோ ஆய்வுகூடத்துக்குப் படத்துக்கு நிற்க மட்டுமே வருகிறவர்.

துப்புரவு செய்யும் கத்தரீனாவின் நெற்றியில் முப்பத்தாறு காட்டியது. பேராசிரியரின் நெற்றியில், விபூதிக்குக் கீழே, இருபத்தொன்பது.

"அறைச் சூடும் இருபத்தொன்பதுதான்," என்றாள் கத்தரீனா. "சேரும் மேசையும் ஒண்டு."

பேராசிரியர் நிரோஜினியைப் பார்த்தார். "உங்கடை புகையிலைத் தோட்டத்து ஆக்களுக்கு உந்த ஆராய்ச்சி சரிவராது, பிள்ளை."

அவள் அதே ஒட்டைத் தன் நெற்றியில் ஒட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு. அவர் வாய்க்குள் வெப்பமானியை வைத்தாள். இருபத்தொன்பது.

"உதுவும் பழுது!" என்று சினந்து அவர் ஏசியைப் போட்டார். "கையெழுத்து வேணுமெண்டால் கட்டுரையிலை என்ரை பேர்தான் முதல்."

"ஓம் சேர்," என்று ஒட்டைத் திரும்பவும் அவர் நெற்றியில் ஒட்டினாள்.

அவர் தன் பெருமையைக் கதைத்துக்கொண்டேயிருந்தார். அரைமணியில் அறை இருபத்துநான்குக்கு இறங்கியது. அவரும் இறங்கினார். நிரோஜினி அந்த எண்ணை ஆய்வேட்டின் அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே பதிந்தாள்.

"கையெழுத்து எங்கை வைக்கிறது?" என்று பேனையைத் திறந்தார்.

எண்ணுக்குக் கீழே இடத்தைக் காட்டினாள்.