பீரோவுக்குள் ஒரு கை

மருத்துவமனையின் பழைய ஸ்கேன் படங்களெல்லாம் கணினி டேப்புகளில் பதிவாகி ஓர் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. கேட்ட டேப்பை எடுத்துக் கொடுக்கும் இயந்திரக் கை, காலையிலிருந்து பாதி வழியில் மக்கர் செய்துகொண்டு நின்றது. பழைய படத்தைப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார். நோயாளியோ ஆபரேஷன் மேசையில் படுத்தாயிற்று.

“சீக்கிரம்மா,” என்றார் மேனேஜர்.

“நான் என்ன தூங்கிட்டா இருக்கேன் சார்?” என்றாள் மெக்கானிக்.

அவள் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கை ஓடும் தண்டவாளத்தை முடுக்கப் போனாள். திருகாணி நழுவி அடியில் எங்கோ விழுந்தது.

“போச்சுடா,” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மின்சாரமே இல்லாத கை மெல்லக் கீழே இறங்கித் துழாவியது. திருகாணியோடு மேலே வந்து, அதைத் தானே துளையில் பொருத்தியது. பிறகு நர்ஸிடம் கத்தி கேட்கும் டாக்டரைப் போல அவள் பக்கம் நீண்டது.

அவள் பிடுங்கிய பிளக்கை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே திருகும் சத்தம் கேட்டது.

“உள்ள யாரும்மா?” என்றார் மேனேஜர்.

“நம்ம ஆளுதான் சார். வேலையா இருக்காரு.”

சற்று நேரத்தில், டாக்டர் கேட்ட டேப் பீரோவின் வாய் வழியாக வெளியே வந்தது. அதன்மேல் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, மரியாதையாக, கைப்பிடி அவள் பக்கம் பார்த்தபடி.