எல்லார் முன்னாலும்

"அங்க பாருங்கக்கா, உங்க பிறந்தநாள் விருந்தாளி வந்தாச்சு," என்று டின்டின் லெட்டியை முழங்கையால் இடித்தாள்.

லெட்டி திரும்பிப் பார்த்தாள். தொழிலாளர் துறை அலுவலகத்தின் வாசல் பெஞ்சில், வரிசையில் கடைசி ஆளாக பெர்லா மேடம் உட்கார்ந்திருந்தாள். இருவரும் வேலை பார்த்த மாம்பழத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர்.

"கம்பெனிக்கு சாட்சி சொல்ல வந்திருப்பாங்க," என்றாள் லெட்டி. கோபப்படக்கூடத் தெம்பில்லை. சீபூ நகரத்துக்கு இரண்டு ஜீப்னி வண்டி மாறி வந்ததிலேயே பாதி உயிர் போயிருந்தது.

"என்ன தைரியம் பாருங்க. நம்ம மூஞ்சியைப் பார்க்க எப்படி மனசு வருது?"

"விடுடி."

பத்தொன்பது வருஷமாக மாம்பழத் தோல் சீவிய கை லெட்டியுடையது. பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெந்துபோக, எல்லாருக்குமாகச் சேர்த்து முதலாளியிடம் கையுறை கேட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். ஐம்பது வயசில் இனி வேறெந்தத் தொழிற்சாலை சேர்த்துக்கொள்ளும்? எல்லா கேட்டிலும் இருபது வயசுப் பெண்கள்தான் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

வேலையை விட்டு அனுப்பியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அனுப்பிய விதம்தான் இன்னும் ஆறவில்லை.

அன்று அவளுக்குப் பிறந்தநாள். ஆயுசு நீளட்டும் என்று எல்லாரும் செய்வதுபோல ஒரு பெரிய தட்டு நிறைய பன்சிட் நூடுல்ஸ் கிண்டி எடுத்துப் போயிருந்தாள். இரண்டு ஷிஃப்டும் கேன்டீனில் கூடி நின்று பாடியது. டின்டின் போனில் வீடியோ படம் பிடித்தாள். நூடுல்ஸ் நடுவே குத்தியிருந்த மெழுகுவர்த்தியை ஊத லெட்டி குனிந்தபோது பெர்லா உள்ளே வந்தாள்.

"லெடீசியா கபாஹுக். முதலாளி உத்தரவு. இன்னையோட உங்களுக்கு இங்க வேலை இல்ல. நாளைலேர்ந்து வர வேண்டாம்."

இத்தனை வருஷமும் 'லெட்டி, வா, போ' என்று பேசியவள், அன்றைக்குத்தான் முழுப்பேரையும் சொன்னாள்.

பாட்டு நின்றுவிட்டது. டின்டின் பதறிப்போய் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தொழிற்சாலைக்குள் யார் போனை எடுத்தாலும் பெர்லா பிடுங்கி வைத்துக்கொள்வாள்.

"எதுக்கு மறைக்கிற? நல்லாப் பிடி. எல்லாரும் பார்க்கட்டும்," என்றாள் பெர்லா. பிறகு அதே வார்த்தைகளை இன்னொரு தரம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனாள்.

நூடுல்ஸை யாரும் தொடவில்லை. பெர்லாவை வாயில் போட்டு அரைக்க ஆரம்பித்தவர்கள் இன்னும் ஓயவில்லை.

லெட்டியை உள்ளே கூப்பிட்டார்கள்.

போன தடவை கம்பெனி வக்கீல், "இவங்களை யாரும் நீக்கல சார், இவங்களாத்தான் வராம நின்னுட்டாங்க," என்று அடித்துச் சொன்னார். டின்டின் எழுந்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்று வேறு வழியில்லாமல் இறங்கி வந்துவிட்டார்.

"திரும்ப வேலைக்கு எடுத்துக்கறோம். நின்ன நாளுக்கும் சம்பளம் தந்துடறோம்."

சமரச அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். காலையிலிருந்து அவருக்கு இதே கதைதான்.

"உங்களுக்கு நல்ல நேரம்மா. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு, தன்னை நீக்கினாங்கங்கிறதையே நிரூபிக்க முடியறதில்ல. அது இல்லாம நான் மேற்கொண்டு என்ன கேக்கறது? இப்படி நாலு பேர் முன்னால, பேரைச் சொல்லி, யார் உத்தரவுன்னும் சொல்லி யாரும் அனுப்ப மாட்டாங்க. உங்க சூப்பர்வைசருக்கு விவரமே பத்தல போல."

டின்டின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்தால், பெர்லா இன்னும் அதே பெஞ்சில். டின்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். லெட்டியால் அப்படிப் போக முடியவில்லை.

"எனக்கு வேலை கிடைச்சிடுச்சு மேடம். உங்களுக்குத்தான் வருத்தமா இருக்கும்."

"கையுறை தர்றேன்னாங்களா?"

"என்னது?"

"அதையும் கேட்டு வாங்கு. விட்டுடாத."

லெட்டிக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏன் மேடம், என் பிறந்தநாள்தானா கிடைச்சுது உங்களுக்கு? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, பேசாமப் போயிருப்பேனே. அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தணுமா?"

"முதலாளியும் அதையேதான் சொன்னாரு," என்றாள் பெர்லா. குரல் ரொம்பக் களைத்திருந்தது. "கேட்டுக்கு வெளிய வச்சு, தனியாச் சொல்லி அனுப்பிடு, அப்புறம் தானா நின்னுட்டான்னு சொல்லிக்கலாம்னாரு. நான்தான் உன் பிறந்தநாள் வரைக்கும் இழுத்தடிச்சேன். ரெண்டு ஷிஃப்டும் ஒண்ணா நிக்கிறதும், போனும் கையுமா நிக்கிறதும் யாராவது பிறந்தநாளுக்குத்தானே லெட்டி?"

லெட்டி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் இவளுக்கு விட்ட சாபமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அப்ப இன்னைக்கு நீங்க கம்பெனிக்கு சாட்சி சொல்ல வரலையா?"

"கம்பெனியா? நீங்க படத்தைப் போட்டுக் காட்டின மறுநாளே என்னையும் போகச் சொல்லிட்டாரு. உள்ள எல்லார்கிட்டயும் லீவுன்னு சொல்லி வச்சிருக்காரு."

"ஐயோ மேடம். உங்களை அவர் போகச் சொன்னப்போ பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

பெர்லா வரிசையில் ஓர் இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவர் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுத்தான் சொன்னாரு."