சிவப்பியின் தாய்க்கு என்ன பேர்?

வற்றாப்பளை அம்மாளாணை, இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற பல்லும் இப்பவே கொட்டுண்டு போகட்டும்.

விமலேஸ்வரி ரீச்சர் ஓரவஞ்சனைக்காரி. தொண்ணூற்றேழில் முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இதுதான் கதை.

ஓ.எல். சோதனைக்கு முன்னால், பின்னேரங்களில் பிள்ளைகளைத் தன் முற்றத்தில் இருத்தி படித்த விஞ்ஞானத்தைத் திரும்ப மீட்டுவா. கேள்வி கேட்பா. பிழை விட்டால் தண்டனை சைக்கிள்தான். தலைகீழாகக் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றவேண்டும். டைனமோவிலிருந்து கம்பி இழுத்து றேடியோவில் பூட்டியிருக்கும். பொருளாதாரத் தடையால் வவுனியாவைத் தாண்டி ஒரு பற்றரி வராத காலம். ஆராவது சுற்றினால்தான் செய்தி. அதனால் வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர், எந்தப் பிள்ளை பிழை விடும் என்று காத்துக்கொண்டு நிற்போம்.

கடைக்கார முத்துலிங்கத்தின் மகன் நிறோஜன் எங்களைக் கைவிட்டதேயில்லை.

“நிறோஜன், தண்ணி எத்தினை பாகையில கொதிக்கும்?”

“அது விறகைப் பொறுத்தது ரீச்சர்.”

“போ, சுத்து.”

ஒருநாள் அவன் சுற்றின சுற்றில், செய்தி வாசிக்கிறவர் அடுத்தநாள் செய்தியையும் சேர்த்து வாசித்துவிட்டார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

சுற்றி முடித்தவருக்கு ஒரு கோப்பை நிறையப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கிடைக்கும்.

ஓரவஞ்சனை எங்கே என்றால், ஆன்சலாவிடம். சண்டையால் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து, ஒழுங்கை முடிவில் கொட்டில் போட்டிருந்த ஸ்ரீபனின் மகள். மற்றப் பிள்ளைகளுக்குக் கொதிக்கிற தண்ணீர். அவளுக்கு மட்டும் கேள்வி வேறு மாதிரி.

“ஆன்சலா, சுறாவுக்கு எத்தினை எலும்பு?”

“ஒண்டுமில்லை ரீச்சர். எல்லாம் கசியிழையம், மெத்தெண்ட குருத்து. அப்பா வெட்டேக்க பாத்திருக்கிறன்.”

“ஒலி எந்த வாயுவுக்குள்ள கெதியாப் போகும்?”

“ஐதரசன்.”

“யூரிக்கமிலம் கழிக்கிற விலங்கு ரெண்டு?”

“காகம், பல்லி.”

ரீச்சரின் முகம் வாடிப்போகும். பிள்ளை சரியாகச் சொன்னால் வாடுகிற ரீச்சரை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

நான் கண்டேன். காரணமும் கண்டேன். அந்தப் பிள்ளையின் வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஆனால் ஸ்ரீபன் ஆர் எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டான். ரீச்சரின் மனுசன் சிற்றம்பலம் கொண்டுபோய் வைத்த அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டுவந்து, “கடலுக்குப் போறவன் கையேந்திறேல்லை” என்று ரீச்சரின் வாசல் படலையடியில் வைத்துவிட்டுப் போனவன்.

ஒரேயொரு பிழை விட்டாளென்றால் ஒரு கோப்பை புட்டு அவள் வயிற்றுக்குள் போகும். பாவி, விடுகிறாளில்லை. ரீச்சர் பெரிய வகுப்புப் புத்தகங்களை இரவல் வாங்கிக் கேள்வி தேடினா. ரீச்சர் திருப்பிக் கொடுத்ததும் அதே புத்தகங்களை அவளும் இரவல் வாங்கிப் படித்தாள்.

ஊர்க்கதை ஸ்ரீபனின் காதுக்கும் போனது. ஒரு பின்னேரம் நேராக முற்றத்துக்கே வந்துவிட்டான்.

“என்ரை பிள்ளையை மட்டும் ஏன் வதைக்கிறியள் ரீச்சர்? நாங்கள் வந்தான் வரத்தான் எண்டோ?”

“அவள் கெட்டிக்காரி, ஸ்ரீபன் அண்ணை. அதுதான்.”

“இண்டைக்கு நான் இருந்து பாக்கப்போறன்.”

குந்திவிட்டான். இவனுக்கு முன்னால் புட்டைக் கொடுத்தால் கோப்பையைத் தட்டிவிட்டு மகளையும் இழுத்துக்கொண்டு போவான். கொடுக்காவிட்டால் பிள்ளை இன்றைக்கும் பட்டினி. ரீச்சர் மாட்டுக்கொட்டில் பக்கம் திரும்பினா.

“ஆன்சலா, எங்கட சிவப்பி மாட்டின்ரை தாய்க்கு என்ன பேர்?”

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் காதை நீட்டினோம். ஆன்சலா யோசித்தாள். கண்ணை மூடியும் யோசித்தாள்.

“தெரியாது ரீச்சர்.”

“இதென்ன கேள்வி?” என்றான் ஸ்ரீபன்.

“பிறப்புரிமையியல், அண்ணை. தாய் தகப்பன் பரம்பரைப் பாடம். சோதினைக்குக் கட்டாயம் வரும்.”

ஆன்சலா சுற்றினாள். எங்களுக்குச் செய்தி வந்தது. பிறகு கோப்பை வந்தது. ஸ்ரீபன் எழும்பினான்.

“இதென்ன ரீச்சர்?”

“சக்திக் காப்பு விதி. உடம்பிலயிருந்து போன சக்தியைத் திருப்பி வைக்கவேணும். இது சாப்பாடில்லை அண்ணை, செய்முறைப் பாடம்.”

“ஓம் மாமா,” என்று நிறோஜன் தன் வயிற்றைத் தடவினான். “இந்தப் பாடம் எனக்கு நல்லாப் பிடிபட்டிட்டுது.”

ஸ்ரீபன் கோப்பையைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். அவள் தகப்பன் நிற்பதையே மறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறென்று படலையை நோக்கி நடந்தான். ரீச்சர் பின்னால் ஓடினா.

“பிழையா நினைக்காதையுங்கோ அண்ணை. நாளைக்கும் பிள்ளையை விடுங்கோ.”

அவன் நின்றான். ஒழுங்கையில் ஆரும் இல்லையென்று பார்த்துக்கொண்டான். மெல்லமாகச் சொன்னான்.

“இவளுக்கு இளையவன் ஒருத்தன் இருக்கிறான் ரீச்சர். அவனுக்கு விஞ்ஞானத்தில ஒரு மண்ணும் தெரியாது. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

ஸ்ரீபன் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எங்கள் ஒழுங்கையால் போய்வருகிறான். வேலிக்குள் நின்று இதைக் கேட்டவன் ஆர் என்று அவன் விசாரித்தால், என்னை உங்களுக்குத் தெரியாது. சரியோ?