பக்கத்து சீட்

"ஐயோ, அந்தத் துணியைக் கீழே போடு! அது பாத்திரம் துடைக்கிற துணி!"

மனைவி பதறிப்போய்த் துணியைப் போட்டாள். கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பொட்டு அழுக்கைத் துடைக்கப் போனதுதான் அவள் செய்த குற்றம்.

"மேடம் வர்ற நேரத்துல உன்னை யார் தொடச் சொன்னது?"

"நான் தொட்டா உங்க கார் தேஞ்சா போயிடும்?"

"தேயும்!" என்றார், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெருவில் அவருக்கு 'ஒரிஜினல்காரர்' என்றுதான் பெயர். ஷெட்டில் நிற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, ஒவ்வொரு பாகமாக ஜப்பானிலிருந்து வரவழைத்து உயிர் கொடுத்திருந்தார். வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனாலும் அசல் ஆஷ்ட்ரே கிடைக்கும் வரை மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பாகம் விற்பவர்களோடு பேசுவதற்காக ஜப்பான் மொழிகூடக் கற்றுக்கொண்டார். "வணக்கம்", "கார்புரேட்டர் இருக்கிறதா?", "ஐயோ, உடைந்து வந்திருக்கிறதே!" இந்த மூன்றும் சரளமாக வரும்.

இன்றைக்குப் பழைய கார் சங்கத்திலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள். எல்லாமே அசல் என்று சான்று கிடைத்துவிட்டால், நாளைய ஊர்வலத்தில் இந்தக் கார்தான் முதல் வண்டி. இத்தனை வருஷப் பாடும் அதற்காகத்தான்.

பரிசோதகர் அம்மா வந்தார். கழுத்தில் டார்ச், கையில் பூதக்கண்ணாடி. சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம்.

பானெட்டைத் திறந்தார். "ம்." சக்கரத்தைத் தட்டினார். "ம்." ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரிஜினல்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

"கடிகாரம்?"

"ஒரிஜினல், மேடம். இன்னும் ஜப்பான் நேரம்தான் காட்டுது. மாத்த மனசு வரலை."

"ஆஷ்ட்ரே?"

"ஒரிஜினல். உள்ள இருக்கிற சாம்பலும் ஒரிஜினல்."

பரிசோதகர் அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம். "அந்தப் பக்கம் பார்க்கலாமா?"

"அந்தப் பக்கமும் இதே மாதிரிதான் மேடம்..." ஒரிஜினல்காரர் ஓடிப்போய் அந்தக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க சார்."

பக்கத்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். இந்தத் தடவை 'ம்' வரவில்லை.

"என்ன சார் இது?"

சீட்டுக்கு அடியில், லேத்தில் வெட்டிய இரும்புத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடுக்கியிருந்தது.

"போல்ட்டைப் பார்த்தா ஜப்பான் மாதிரி தெரியலையே?"

"தெருமுனைக் கடை, மேடம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒரே நாள்ல வெச்சதாவும் தெரியலை. கீழ இருக்கிற துண்டு பழசு, மேல இருக்கிறது புத்தம் புதுசு. கொஞ்சம் கொஞ்சமா சீட்டை உயர்த்திக்கிட்டே வந்திருக்கீங்க. எதுக்கு?"

அவர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, ஒரிஜினல் போல்ட் இருக்கா?"

"பீரோவுல இருக்கு மேடம். நகையோட நகையா."

"அப்புறம் என்ன? இதையெல்லாம் கழட்டி வீசிட்டு, அதைப் போட்டுப் பழையபடி சீட்டை இறக்குங்க. சீல் வெச்சு இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். அதுக்கப்புறம் யாரும் தொடக் கூடாது, அவ்வளவுதான்."

ஒரிஜினல்காரர் ஸ்பேனரை எடுத்தார். குனிந்தார். போல்ட்டில் மாட்டினார். திருகாமலே ஸ்பேனரை உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"வேணாம் மேடம். சான்று இல்லைன்னே எழுதிக்குங்க."

"பைத்தியமா சார் உங்களுக்கு? நாளைக்கு முதல் வண்டி!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவளுக்குக் கேட்டுடப் போகுது."

கேட்டுவிட்டது. கோபத்தையெல்லாம் மறந்து மனைவி ஓடி வந்தாள். "என்ன ஆச்சு? சான்று இல்லையா? ஏன் மேடம்?"

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லிவிடாதீர்கள் என்று ஒரிஜினல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பரிசோதகர் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும், "பெயின்ட் கொஞ்சம் வெளுப்பு" என்று எதையோ சொல்லி வைத்தார்.

"பெயின்ட்டா? நல்லா வேணும்! என்னைப் போட்டு என்ன பாடு படுத்தினீங்க!" கலகலவென்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் இரக்கப்பட்டு, "போகட்டும் விடுங்க. கடைசி வண்டியா போனாலும் நாம ரெண்டு பேரும் ஜம்முன்னு போவோம்" என்றபடி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மேடம், இங்க வந்து பாருங்களேன். இந்தக் கார் ஓட ஆரம்பிச்ச புதுசுல இதுல உட்கார்ந்தா எனக்கு ரோடே தெரியாது. பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கும். இப்படிக் குள்ளமா பொறந்துட்டேனேன்னு அழுதேன். அப்புறம்தான் உடற்பயிற்சி வகுப்புல சேர்ந்தேன். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா... இப்ப பாருங்க, ரோடு மொத்தமும் தெரியுது! வளர்ந்துட்டேன் மேடம், இந்த வயசுல!"

பரிசோதகர் அம்மா மெதுவாகத் திரும்பி ஒரிஜினல்காரரைப் பார்த்தார். அவர் மும்முரமாக ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவர்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள் மனைவி. "ஒரு திருகாணி நிறம் மாறினாக்கூடக் கண்டுபிடிச்சுடுவார். கட்டின பொண்டாட்டி இவ்வளவு வளர்ந்திருக்கேன், இன்னிக்கு வரைக்கும் கவனிச்சதே இல்லை!"